புன்னையும் தாழையும்

மலரைக் கண்டவழி மனம் மலர்தல் மக்கட்கெல்லாம் பொதுவாயதோர் இயல்பு. மழலை பேசுங் குழவியும் மலரை நோக்கிக் கை நீட்டும். நோயிற் கிடப்பாரும் தலைமாட்டில் ஒரு மலர் இருப்பின் அதனை நோக்கிச் சிறிது முறுவலிப்பர். இவ்வியல்பு எதனால் ஆயது, இதன் பயன் எவ்வளவிற்று, சிவபூசைக்கு மலரை இன்றியமையாததாகக் கொண்ட நம் முன்னோர் இம்மகிழ்ச்சியை எவ்வாறு மதித்தனர் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கு வைத்து ஆராய்வார் சிலரே. மலர் மனத்திற்கு மருந்தென்று புகழ்வார் ஒருபுறம். மலரால் எய்தும் இன்பம் பொறிவழி இன்பமே யாகலின் அடியார்க்கு அது விலக்கென்று அஞ்சுவார் மற்றொருபுறம். இருசாராரும் உண்மையின் ஒவ்வொரு கூற்றையே பற்றி நிற்கின்றனர் என்பது எமது கருத்து. அதனை மரக்காணக் கரையினின்று தொடங்கி ஈண்டு ஆராய்வாம்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே வங்கக் கடலோரத்தில் உள்ளதோர் ஊர். ஊரைச் சூழக் கண்ணுக்கெட்டுந் தொலைவுவரை உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அருகிலுள்ள கழுவேலி என்னும் உவர்நீர்ப் பரப்பு, 5,151.60 எக்டேர் அளவிற்றாய், 2021-ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப் பெற்றது. ஊரின்கண் சோழர் காலத்துத் திருக்கோயிலாகிய பூமீசுவரர் கோயில் விளங்குகின்றது. அளத்து மண் உவர்மண். மல்லிகையும் முல்லையும் அதன்கண் வேர்கொள்ளமாட்டா. ஆயினும் உப்புப் படிந்து வெளிப்படுதலைத் தமிழர் 'உப்புப் பூத்தல்' என்றே வழங்குவர். வேறு பூ இல்லாத நிலத்தில் உப்பையேனும் பூவென்று கண்ட அவ்வழக்கு, பூவின்றி வாழ மனமொவ்வாத மக்களின் வழக்கன்றோ?

சங்கநூலாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினம் என்று புலவர் குறிப்பாற் கூறியதனை, எயில் என்பது மதிலாதலின், எயிற்பட்டினம் எனத் தெளிந்தனர். நூலின் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்திற்கு வடக்கே கடலோரத்தில் இன்றும் அப்பெயரொடு நிலவுகின்றது. ஆகவே புலவர் கேள்வியளவிற் பாடினாரல்லர். தாம் பிறந்து நடந்த கரையையே பாடினார் என்று கொள்ளுதல் பொருந்தும். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். 269 அடிகளையுடைய இந்நூல், ஏனைப் பாட்டுக்களோடு நச்சினார்க்கினியர் உரையும் பெற்று, 1889-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்களால் அச்சேறியது.

இந்நூலில் எயிற்பட்டினத்திற்குச் செல்லும் நெய்தல் வழி நான்கு மலர்களாற் புனையப் பெற்றுள்ளது. தாழை அன்னப் பறவையைப் போலப் பூக்கின்றது. செருந்தி பொன்னோ என்று காண்பாரை மயக்குகின்றது. கழிமுள்ளியாகிய முண்டகம் ஒளிவிடும் மணியை ஒக்கின்றது. புன்னை முத்தை ஒக்கின்றது. இதனை வெறும் வருணனை என்று கழித்துவிடுவார் உளர். அது நூலின் போக்கை நோக்காதார் கூற்று. யார் யாருக்குக் கூறுகின்றான் என்பதனை முதற்கண் நினைத்தல் வேண்டும். வறுமை நீங்கி வருகின்ற பாணன் ஒருவன், வறுமையில் உழலும் பாணன் ஒருவனுக்கு வழி கூறுகின்றான். தன் வீட்டின் பழைய நிலையை அவன் மறைத்தானல்லன். அடுக்களையில் நாய் ஈன்று கிடந்தது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைச் சுவைக்கத் தாய் வலி பொறாது குரைத்தது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைத்து, புறங்கூறுவார் காணாவண்ணம் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்டாள். அத்தகைய வீட்டினின்றும் புறப்பட்டவனுக்கே இம்மலர்வழி காட்டப்படுகின்றது.

இப்பொழுது உவமைகளை மீண்டும் நோக்குக. பொன், மணி, முத்து என்னும் மூன்றும் வறியவன் கனவிற் காணும் பொருள்கள். முன்பு பசித்தவன் இன்று பசிப்பவனுடைய கண்ணைக் கொண்டே மலர்களைக் காட்டுகின்றான். செல்வம் இன்னும் கைக்கு வந்திலது. ஆயினும் அது வரும் என்னும் குறிப்பு வழியின் இருமருங்கும் பூத்து நிற்கின்றது. தாழைக்குக் கூறிய அன்னம் என்னும் சொற்குச் சோறு என்னும் பொருளும் பின்னர் வழங்குதலின், பசித்தவன் பூவிற் சோற்றையே கண்டான் என்று நயங் கூறப் புகுவார் இருப்பர். பிற்கால வழக்கை முற்கால நூலில் ஏற்றுதல் உரைமரபன்று. ஆதலின் அந்நயத்தை யாம் கொள்ளேம். அஃதின்றியும் கருத்து நிரம்புகின்றது. மலர் அவன் பொருளைப் பெருக்கிற்றன்று; நடக்கும் ஆற்றலைப் பெருக்கிற்று. நம்பிக்கை இழந்தவனுக்கு வழி நீளும். நம்பிக்கை பெற்றவனுக்கு அவ்வழியே குறுகும். மலரால் மனம் எழுச்சி பெறுதற்கு இதனினும் நுட்பமான இலக்கியச் சான்று தேடல் அரிது.

ஆயினும் புலவர் அவ்வளவில் நின்றாரல்லர். மலர்வழி பட்டினத்திற் சென்று முடிந்தவுடன், ஆங்குள்ள நுளையர் தரும் உணவைக் கூறுகின்றார். கள்ளும் சுட்ட மீனுமாகிய அவ்வுணவு சைவ நன்மக்கள் ஏற்பதன்று. எனினும் நூலை அதன் காலத்தில் வைத்தே காணுதல் வேண்டும். நாம் கொள்ளத்தக்கது அவ்வைப்புமுறையே. மலர் முன், சோறு பின். மலர் பசியைத் தீர்க்கும் என்று புலவர் யாண்டும் கூறிற்றிலர். உப்பில்லாத கீரையை உண்டவனை உப்பு விளையும் ஊருக்கு மலர்வழியே அழைத்துச் சென்று, ஆங்கு உணவும் கொடுப்பித்தார். மலரின் ஆற்றலையும் அவ்வாற்றலின் எல்லையையும் ஒருங்கு அறிந்த அறிவு இது.

இவ்வெல்லையை இக்காலத்தார் பலர் மறக்கின்றனர். 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியை ஜீனட் ஹாவிலண்ட்-ஜோன்ஸ் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் மூன்று சோதனைகளை வெளியிட்டனர். மலர் பெற்ற மகளிர் வாயால் மட்டுமன்றிக் கண்ணாலும் நகைக்கும் மெய்ந்நகை நகைத்தனர் என்பதும், முதியோர்க்கு மலர் அளித்தபொழுது அவர்தம் மனநிலை நலமுற்றது என்பதும் அவற்றின் முடிபுகளுட் சில. இவை மகிழ்தற்குரிய செய்திகளே. ஆனால் இவற்றோடு, 1984-ஆம் ஆண்டில் ரோஜர் உல்ரிக் என்பார் வெளியிட்ட ஆராய்ச்சியையும் சேர்த்து, மலரைக் கண்டால் அறுவை நோயாளர் விரைவில் தேறுவர் என்று எழுதுவாரும் உளர். அவர் ஆராய்ந்த 46 நோயாளருள் ஒருசாரார் பலகணி வழியே கண்டவை மரங்கள், மலர்கள் அல்ல. ஒன்றற்குக் கண்ட முடிபை மற்றொன்றற்கு ஏற்றுதல் அளவைநூல் ஒப்பாத குற்றம். உண்மையே தன்னைக் காத்துக்கொள்ளும் வன்மையுடையதாயிருக்க, அதற்கு மிகைக்கூற்றைத் துணையாகத் தருதல் எற்றுக்கு?

இனி, மலரால் மனம் மகிழ்தற்குரிய காரணத்தை நம் சித்தாந்தம் எவ்வாறு விளக்கும் என்பதைக் காண்பாம். நாற்றத்தைப் பற்றும் பொறி மூக்கு. நாற்றம் மண்ணின் சிறப்புக் குணம். மோப்ப நரம்பு கொணரும் செய்தி, ஏனைப் புலன்களின் செய்தி போல மூளையின் இடைநிலையத்தில் தங்கிச் செல்லாது, நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளை நேரே சென்று எய்தும் என்று இக்கால உடல்நூலார் கூறுவர். ஒரு பூவின் மணம் நாற்பது ஆண்டு கடந்ததொரு நாளை நொடியில் நினைவிற் கொணர்தற்கு இது காரணம் போலும். இஃது உடலின் வழி. உயிரின் வழியோ எனின், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. படிகம் தன்னருகே வைத்த பூவின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் தான் சார்ந்ததன் தன்மையைத் தன் தன்மையாகக் கொள்ளும். மலரைச் சார்ந்த உயிர் மலர்ச்சி எய்துகின்றது. ஆதலின் மலர்மகிழ்ச்சி பொய்யன்று, பழித்தற்குரியதுமன்று, உயிரின் உண்மையியல்பு வெளிப்படும் ஓரிடம் அது.

ஆனால் படிகத்தின் உவமையே அம்மகிழ்ச்சியின் குறையையும் காட்டிவிடுகின்றது. பூவை எடுத்துவிடின் படிகத்தின் நிறமும் போய்விடும். காலையிற் பூத்தது மாலையில் வாடுமாதலின், அதனைச் சார்ந்த மகிழ்ச்சியும் மாலையளவே நிற்கும். வாடாத ஒன்றைச் சார்ந்தாலன்றி வாடாத மலர்ச்சி உயிர்க்கு இல்லை. இதனாலன்றே நம் முன்னோர் மலரைத் தாம் கொண்டு அமையாது இறைவன் திருவடியில் இட்டனர்? பூசெய் என்பதே பூசை ஆயிற்று என்று சொல்லாராய்ச்சியார் சிலர் கூறுவர். அம்முடிபு எவ்வாறாயினும், பூவை இடுதல் தன் மலர்ச்சியை உரியவனுக்கு உரியதாக்குதல் என்பதில் ஐயமில்லை.

இனி நம் ஆராய்ச்சியின் அருமுடிச்சை அவிழ்ப்பாம். புலவர் பாடிய நால்வகை மலருள் முதலில் நிற்பது தாழை. இறுதியில் நிற்பது புன்னை. சைவநூல்கள் கூறும் அட்டபுட்பங்களோ புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்று புன்னையையே முதலில் வைத்தெண்ணும். கடலோரத் தலமாகிய திருமயிலையில் தலமரமும் புன்னையே. தாழையோ சிவபூசைக்கு விலக்கப்பட்டது. இரண்டும் ஒரே மணலில் வளர்வன. ஒரே கடற்காற்றை உண்பன. மனத்தைக் கவர்தலே மலர்க்கு மதிப்பாயின் தாழைக்கே முதன்மை தருதல் வேண்டும். மடல் அவிழ்ந்த தாழையின் மணம் நெடுந்தொலைவு செல்லும். புன்னையின் மணம் மெல்லிது. அவ்வாறிருக்க நம்மவர் மணத்தால் மிக்கதை விலக்கி மெல்லியதைக் கொண்டது ஏன்?

காரணம் யாவரும் அறிந்ததே. அண்ணாமலையில் அடிமுடி தேடிய ஞான்று, முடி கண்டதாக அயன் கூறிய பொய்க்குத் தாழை சான்று நின்றது. இதனைப் புராணக்கதை என்று மட்டும் கேட்டுச் செல்லாது, அதன் உட்பொருளைச் சிறிது சிந்திப்போமாக. பூசையில் இடும் மலர் நம் மனத்திற்குச் சான்று. "என் உள்ளம் நின்பால் இவ்வாறு மலர்ந்தது" என்று நாம் சொல்லாமற் சொல்லுதற்கு மலர் கரியாகின்றது. உள்ளத்தில் அன்பின்றி, பிறர் கண்டு வியத்தற்பொருட்டு மலரைக் குவிப்பாராயின் அம்மலர் எதற்குச் சான்று? இல்லாத அன்பு உண்டென்று கூறும் பொய்க்கே சான்று. எனவே பொய்ம்மனத்தோடு இட்ட புன்னையும் தாழையே ஆகும். தாழையை விலக்கிய விதி ஒரு செடியைப் பழித்த விதியன்று; வழிபடுவோன் தன் கையிலுள்ள மலரை நோக்கி, "நீ மெய்க்கரியோ, பொய்க்கரியோ?" என்று நாள்தோறும் வினவுமாறு வைத்த விதி. தாழைக்கும் இறைவன் உய்தி இல்லாமற் செய்திலன். உத்தரகோசமங்கைத் திருக்கோயிலில் தாழம்பூ இறைவனுக்குச் சாத்தப்பெறுதல் இன்றும் வழக்கு. பிழைத்ததும் திருந்தின் திருவடி சேரும் என்பதற்கு அதுவே போதும்.

இக்காலத்துத் திருவிழாக்களில் தொலைநாட்டு மலர்களை மிகுபொருள் கொடுத்து வாங்கிப் பந்தல் முழுதும் நிரப்புதலும், சில இடங்களில் நெகிழிப் பூக்களைத் தொங்கவிடுதலும் காண்கின்றோம். காண்பார் மனம் மகிழ்கின்றதே என்பர் அதனைச் செய்வோர். மகிழ்கின்றது உண்மையே. ஆனால் மகிழ்ச்சியொன்றே அளவுகோலாயின் தாழையை விலக்குதற்கு நியாயமில்லை என்பதனை மேலே கண்டோம். வாடாத நெகிழிப் பூ வாடாமையாற் சிறந்ததன்று, அது மலர்ந்ததேயில்லை. மலராததை மலரென்று காட்டுதல் தாழையின் குற்றத்தினும் ஒருபடி மேற்பட்ட குற்றம்.

இனி, மலரின்பத்தை அஞ்சுவாரது கட்சியை நோக்குவாம். அவர்க்கு அரண் திருத்தொண்டர் புராணத்தில் உள்ளது. திருவாரூர்த் திருக்கோயிலில் பூமண்டபத்தருகே வீழ்ந்து கிடந்த மலர் ஒன்றைக் கழற்சிங்க நாயனாரின் தேவி எடுத்து முகர்ந்தாள். இறைவனுக்குரிய மலரை முகர்ந்தனள் என்று செருத்துணை நாயனார் அவள் மூக்கை அரிந்தார். செய்தியறிந்த அரசரோ, மலரை முதலில் எடுத்தது கையன்றோ என்று அக்கையைத் துணித்தார். இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது. நடுங்குதல் தகாதென்று யாம் கூறோம். நடுங்காது படிப்பாரே ஐயுறற்குரியர். தம்மை மறந்த பத்திப் பெருக்கில் நின்ற நாயன்மார் செயல் நம்மனோர்க்குப் பின்பற்றும் நெறியாகாது.

ஆயினும் இதனை மலர்மணத்திற்கு விலக்காகக் கொள்ளுதல் சேக்கிழார் கருத்தன்று என்பதற்கு அவ்வரலாற்றின் முடிபே சான்று. அரசர் தேவியின் கையைத் துணித்தபொழுது விண்ணினின்று மலர்மழை பொழிந்தது என்று கூறும் சேக்கிழார், அம்மலர் தெய்வ மணமுடையது என்பதனையும் விடாது கூறுகின்றார். ஒரு பூவின் மணத்தை முகர்ந்தது பிழையாயிற்று. அவ்விடத்திலேயே மணமுள்ள மழை எல்லார் மேலும் பொழிந்தது. மணம் குற்றமாயின் அம்மழை பொழிதல் யாங்ஙனம்? குற்றம் மணத்தில் இல்லை, முறையில் உள்ளது. கொடுத்தற்குரியதைக் கொடுக்குமுன் கொள்ளுதல் பிழை. கொடுத்தபின் அருளாக வருவதைக் கொள்ளுதல் பேறு. மலரின்பத்தை அஞ்சுவார் இவ்வேறுபாட்டை நோக்கிற்றிலர். அதனை மருந்தென்பாரும் நோக்கிற்றிலர். முன்னவர் கொள்ளுதலையே மறுத்தனர். பின்னவர் கொடுத்தலையே மறந்தனர்.

இக்கருத்தை எமக்குத் தெளிவித்தவர் ஏடு கற்றாரல்லர். மாசித் திங்களில் ஒருநாட் காலை, பூமீசுவரரை வழிபட்டு வெளியே வந்த யாம், அளத்து வேலைக்குச் செல்லும் மகளிர் சிலரைக் கண்டேம். அவருள் முதியார் ஒருவர் கூந்தலில் முதல்நாளைய பூ வாடிக் கிடந்தது. "அம்மா, வெயிலில் நிற்கப் போகின்றீர், வாடிய பூவை ஏன் வைத்திருக்கின்றீர்?" என்றேம். "அம்மனுக்குச் சாத்திக் கொடுத்த பூ, ஐயா. வாடினால் என்ன? தலையில் இருந்தால் சுமை அவ்வளவு தெரியாது" என்று கூறி நடந்தார்.

அவ்விடையில் நம் ஆராய்ச்சி முழுதும் அடங்கியிருத்தல் காண்க. மணம் போயிற்று, மகிழ்ச்சி போகவில்லை. படிகத்தருகே வைத்த பூ வாடியும் நிறம் மாறாதிருத்தற்குக் காரணம், அப்பூ வாடாத ஒன்றைச் சார்ந்து மீண்டமையே. அறிஞர் சோதனையில் மலர் பெற்றார் நகைத்த நகையும் மெய்ந்நகையே. ஆயினும் இம்மூதாட்டியின் மகிழ்ச்சி மலர் பெற்ற மகிழ்ச்சியன்று, அருள் பெற்ற மகிழ்ச்சி.

இவ்வளவில் நிறுத்தின் நாமும் மிகைக்கூற்றுக்கு ஆளாவோம். அவர் கூறியது சுமை தெரியாது என்பதே. சுமை இல்லை என்பதன்று. உவர்நீர் புண்படுத்திய காலைப் பூ ஆற்றாது. வெண்மணற் போல் ஒளிரும் உப்பில் கூசும் கண்ணைப் பூ காவாது. மழைக்காலத்தில் அளம் மூழ்கி வேலையற்ற நாளில் உலையைப் பூ ஏற்றாது. நத்தத்தனார் மலர்வழியின் முடிவில் உணவை வைத்தது இதனை அறிந்தே. பாணனுக்கு மலரைக் காட்டியது வழி. சோறு தந்தது நல்லியக்கோடன் நாடு.

சைவநூல்கள் புறத்தே எட்டு மலர் கூறியவாறே அகத்தேயும் எட்டு மலர் கூறின. கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்பன அவை. இவற்றுள் வாய்மை தாழையின் கதை கற்பிப்பது. பொறியடக்கம் திருவாரூர் வரலாறு கற்பிப்பது. இரக்கமோ மரக்காணத்து அளக்கரை கற்பிப்பது. பூக்கூடை நிறையப் புன்னை கொய்து செல்வோம்; வழியில் அதன் அழகைக் கண்டு மகிழ்வோம், அம்மகிழ்ச்சி அவனுக்குரியதாக. ஆனால் அக்கூடையைச் சுமந்து செல்லும் வழியில் உப்புச் சுமந்து வருவாரைக் காணாது போவோமாயின், எட்டில் ஒரு மலர் குறையும். குறைந்த மலருக்கு ஈடாக எத்தனை கூடைப் புன்னை இட்டாலும் அர்ச்சனை நிரம்பாது.

திருச்சிற்றம்பலம்.